கார் கண்ணாடிப் படலம்: வினிகரா, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலா?

இரவில் எதிர்வண்டியின் ஹெட்லைட் பட்டதும் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பரவினால், அழுக்கு பெரும்பாலும் உள்பக்கம்தான் இருக்கும். வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்கள் கண்ணாடியில் போய்ப் படிகின்றன. விரலால் இழுத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று கோடு விழும்.

இந்த எண்ணெய்ப் பசைக்கு நான் வினிகரைச் சொல்ல மாட்டேன். அது அமிலம், உப்புக் கறையைத்தான் நன்றாகக் கரைக்கும். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்ட கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழுமே, அதற்குக் கைகொடுக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நனைத்த துணியைப் புள்ளிகள் மேல் சில நிமிடம் ஒட்டிவைத்து, அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெயின்டில் வழிய விடாதீர்கள்.

உள்பக்கத்துக்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால்தான், ஊசி போடும் முன் தோலைத் துடைக்கப் பயன்படும் ஆல்கஹால் வகை. 70 சதவீதக் கரைசல் போதும். பசையைக் கரைத்துவிட்டு, சீக்கிரமே ஆவியாகிவிடும். விலை வினிகரைவிடக் கூடுதல்தான், ஆனால் கொஞ்சமே செலவாகும். மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடியில் நேரடியாக அடித்தால் டேஷ்போர்டில் சொட்டும். உடனே இன்னொரு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும், ஒரே துணியென்றால் பசை இடம்தான் மாறும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் கதவுகளைத் திறந்துவைத்து, நிழலில் செய்யுங்கள். சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்.