ரோம் டோர்ரே அர்ஜென்டினா பூனைக் காப்பகம்: ஒரு மத்தியானம் போய் வந்தேன்

ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியத்தையும் வாடிகனையும் எப்படியும் பார்த்துவிடுவீர்கள், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூனை என்றால் நின்று பார்க்கிற ஆளாக இருந்தால், லார்கோ டி டோர்ரே அர்ஜென்டினா சதுக்கத்துக்குக் கண்டிப்பாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுற்றிலும் பேருந்து இரைச்சல், நடுவில் தெருமட்டத்துக்குக் கீழே பெரிய பள்ளம், அதற்குள் நான்கு பழைய ரோமானியக் கோயில்களின் இடிபாடுகள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றார்களே, அந்த மண்டபத்தின் ஒரு பகுதியும் இங்கேதான் இருக்கிறது. 1920-களின் கடைசியில் தோண்டி வெளியே எடுத்த இடம். இப்போது தூண் மேல் ஒன்று, படிக்கட்டில் இரண்டு, புல்லில் ஒன்று என்று பூனைகள் வெயில் காய்கின்றன.

காப்பகம் அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. படியிறங்கிப் போனால் சாலைக்கு அடியில் குகை மாதிரி ஒரு சின்ன இடம். அனுமதி இலவசம், உண்டியல் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் சிறிய கடை. நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள்.

எந்த ஊரானாலும் பூனை ஒன்றுதான், ஆனால் கவனிப்பு ஒன்றில்லை என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. நான் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பூனைகளுக்குச் சோறு வைக்கிறவள். அவற்றில் பாதி ஆளை அண்டாதவை. தட்டை வைத்துவிட்டு நான் பத்தடி தள்ளிப் போனால்தான் வரும். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் குட்டி பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழெட்டு வாரத்துக்குள் மனிதக் கை படவில்லை என்றால் அதற்கப்புறம் பழக்குவது மிகக் கடினம், அப்படி வளர்ந்த பூனையை வீட்டுக்குள் அடைத்தால் அதற்கு அது சிறைதான். இங்கே அந்த உண்மையை ஒப்புக்கொண்டு வேலை செய்கிறார்கள். பிடிக்கிறார்கள், கருத்தடை செய்கிறார்கள், ஆறியதும் விட்டுவிடுகிறார்கள், வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறார்கள். மடியில் வந்து உட்காரச் சொல்லி எந்தப் பூனையையும் கட்டாயப்படுத்துவதில்லை.

நான் போனபோது உள்ளே ஒரு கூண்டு மேல் தடித்த துணி போர்த்தியிருந்தது. கிட்டே போனதும் துணிக்குள்ளிருந்து நீளமாக ஒரு சீறல். இருட்டாக இருந்தால்தான் பயம் அடங்கும் என்பதற்காகத்தான் அந்தத் துணி. சற்றுத் தள்ளி நின்று கேட்டேன், கொஞ்ச நேரத்தில் சீறல் நின்று தண்ணீர் நக்கும் சத்தம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கண் தெரியாதவை, கால் போனவை, வயதானவை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை என்று நாம் பழமொழி சொல்கிறோம். இங்கே இரண்டு கண்ணும் இல்லாத ஒரு கறுப்புப் பூனை மீசையால் விளிம்பைத் தடவிப் பார்த்து, ஒரு நொடி நிதானித்து, நாற்காலியிலிருந்து மேசைக்குத் தாவி, தன் போர்வை மேல் சரியாகப் போய்ச் சுருண்டது.

இந்தக் காப்பகத்தை 1993 வாக்கில் கையிலெடுத்து வளர்த்தவர்கள் லியா டெக்கெல், சில்வியா விவியானி என்ற இரண்டு பெண்கள். இத்தாலியில் 1991-இல் வந்த 281-ஆம் எண் சட்டம், வெளியில் வாழும் பூனைகளைக் கொடுமைப்படுத்தக் கூடாது, கருத்தடை செய்து அவை இருந்த கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும் என்கிறது. அப்படியும் 2012-இல் தொல்லியல் துறை காலி செய்யச் சொல்லி நெருக்கியது. ஊரே எதிர்த்தது, காப்பகம் தங்கியது. பழங்கல்லும் வேண்டும், பூனையும் வேண்டும் என்று ஒரு ஊர் நிற்பது சின்ன விஷயமில்லை.

கருத்தடை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு: பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், இரண்டு மாதத்தில் குட்டி போடும், பால் மறப்பதற்குள்ளேயே அடுத்ததற்குத் தயாராகும். சோறு மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் இருந்தால் நாமே பட்டினியைப் பெருக்குகிறோம். நான் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை துணிந்து ஒரு பெட்டையைப் பிடித்துக் கொடுத்தேன், எங்கள் ஊரில் ஒரு இடத்தில் அறுவை முடிந்த அன்று சாயங்காலமே மயக்கம் சரியாகத் தெளியாமல் தெருவில் விட்டுவிட்டார்கள். மூன்று நாள் தேடினேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடைத்தாள், தையல் பிரிந்திருந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் என் தட்டுப் பக்கம் அவள் வரவே ஆறு மாதம் ஆனது. அதனால்தான் இந்தக் காப்பகத்தில் அறுவை முடிந்த பூனைகளுக்கு என்று தனிக் கூண்டும் சுத்தமான விரிப்பும் பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டேன்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். இடிபாடுகளுக்குள் நடைபாதை 2023 ஜூனில் திறந்தார்கள், அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், காப்பகத்துக்கு வேண்டாம். காலையில் போனால் கதவு சாத்தியிருக்கலாம், மத்தியானம் போங்கள். கல் மேல் படுத்திருப்பதைத் தூக்கப் போகாதீர்கள், உள்ளே தானாக வந்து உரசுகிறவை நிறைய இருக்கின்றன. தூரத்திலிருந்தே ஒரு பூனையின் செலவை ஏற்கும் ஏற்பாடும் உண்டு. நான் அந்தக் கறுப்பியைக் கேட்டேன், பெயரெழுதிக் கொடுத்திருக்கிறேன்.