மாருதி 800 ஹெட் வேலை: கழற்றும் நாள் முதல் 40,000 கி.மீ. வரை

ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று பட்டறைக்கு வரும் மாருதி 800, ஆம்னி வண்டிகளில் கேஸ்கட் தானாகக் கெட்டிருப்பது அரிது. ரேடியேட்டர் அடைத்திருக்கும், ஃபேன் சுவிட்ச் செத்திருக்கும், அல்லது கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் பல வருடம் போர் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அந்தக் காரணத்தை விட்டுவிட்டு கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அடுத்த கோடையில் அதே ஹெட் மறுபடி மேசைக்கு வரும். ஹெட் வேலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் போகத்தான் வேண்டும். நீண்ட நாள் ஓட்டத்தில் வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

இங்கே பேசுவது கார்புரேட்டர் வைத்த எஃப்8பி எஞ்சினைப் பற்றி: 796 சி.சி., 3 சிலிண்டர், 6 வால்வு, தலைமேல் வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம் தண்டு, பெல்ட் ஓட்டம். போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., கம்ப்ரஷன் விகிதம் 8.7. ஹெட்டைப் பிடித்திருப்பது எட்டே போல்ட். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற கார். ஆனாலும் இதன் உதிரிகள் இன்றும் சின்ன ஊர் ஸ்பேர் கடையில்கூடக் கிடைக்கின்றன. ஹெட் வேலையை முதன்முதலில் கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான எஞ்சின் இல்லை.

கழற்றும் முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எழுப்பும் அழுத்தம், பார்த்துவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்த நிலை, பேட்டரி நல்ல சார்ஜில். சிலிண்டர்களுக்கு இடையே 1 கிலோ/சதுர செ.மீ.க்கு மேல் வேறுபாடு கூடாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து இறங்கினால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. ஒன்று மட்டும் இறங்கினால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ரிங் போன எஞ்சினுக்கு ஹெட் வேலை மட்டும் செய்வது வீண் செலவு. மேலே நன்றாக அடைத்ததும் கீழே ஆயில் எரிவது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.

வெப்பமானி முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். சென்சார் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அது சரியாகக் காட்டும். கூலன்ட் பாதி போய்விட்டால் முள் கீழே இறங்கி நிற்கும், எஞ்சினோ வெந்துகொண்டிருக்கும். வண்டி சூடானதே இல்லை என்று மனப்பூர்வமாகச் சொல்பவர்களின் ஹெட் வளைந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கழற்றுவதில் முதல் விதி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியே சரி. சூட்டில் போல்ட்டைத் தளர்த்தினால் அலுமினிய ஹெட் இழுத்துக்கொண்டு வளையும். முந்தின நாள் மாலையே சைலன்சர் பைப்பை மேனிஃபோல்டோடு இணைக்கும் நட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். மறுநாள் முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஸ்டட் ஒன்று முறிந்தால் அதை எடுப்பதற்கே அரை நாள் போகும்.

பேட்டரி நெகட்டிவ் கழற்றி, கூலன்ட்டை முழுக்க வடித்த பிறகே மற்றவை. வடிக்காமல் ஹெட்டைத் தூக்கினால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி ஆயில் சம்ப் வரை போகும். கார்புரேட்டரின் வேக்கம் ஹோஸ்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டாப்புக்கு, அதாவது இரு வால்வும் மூடிப் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறியிடுங்கள். ஃபயரிங் வரிசை 1-3-2.

பெல்ட் கழன்றதும் கிராங்கை டாப்பிலிருந்து 60 டிகிரி திருப்பி நிறுத்துங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினில் இந்த நிலையில் எந்தப் பிஸ்டனும் உச்சியில் இருக்காது, எல்லாமே ஏறக்குறைய 2 செ.மீ.யாவது கீழே இருக்கும். திரும்ப மாட்டும்போது கேமைத் திருப்பினாலும் வால்வு பிஸ்டனில் தட்டாது. நான்கு சிலிண்டர் பழக்கத்தில் 90 டிகிரி திருப்பினால் இந்த எஞ்சினில் ஒரு பிஸ்டன் உச்சிக்கு அருகே வந்து நிற்கும்.

டேப்பெட் ஸ்க்ரூக்களை (வால்வு இடைவெளியை வைக்கும் திருகுகள்) முழுக்கத் தளர்த்திவிட்டு எட்டு போல்ட்டையும் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கால் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நடுவில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. அந்தக் கீறல் வழியாகத்தான் பின்னால் கசியும். மரக்கட்டை வைத்து ஓரத்தில் தட்டினால் விட்டுக்கொடுக்கும். வெளியே வந்த ஹெட்டை முகம் தரையில் படக் கவிழ்க்காதீர்கள். டேப்பெட் சரியாகத் தளராமல் கேம் தள்ளித் திறந்து நிற்கும் வால்வு ஏதாவது இருந்தால் வளையும். இரு பக்கமும் கட்டை வைத்து அதன்மேல் கிடத்துங்கள்.

இனி மேசை வேலை. பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். கிரைண்டரில் மாட்டும் உருண்டைப் பிரஷ் வேண்டாம். அது அலுமினியத்தில் குழி போடும், உதிரும் தூள் ஆயில் வழியில் இறங்கி பேரிங்கைத் தின்னும். நேர்க்கோலை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என ஆறு திசையில் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபில்லர் கேஜால் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழைந்தால் ஹெட் அளவு தாண்டிவிட்டது. மேனிஃபோல்ட் அமரும் பக்கத்துக்கு எல்லை 0.10 மி.மீ. சின்ன வளைவை சர்ஃபேஸ் பிளேட்டில் 400 எண் எமரி தாள் வைத்து தேய்த்தே எடுக்கலாம். அதற்கு மேல் லேத் பட்டறையில் ஃபேஸிங், அதாவது முகத்தைச் சீவி நேராக்குவது.

ஃபேஸிங் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நிறைய சீவினால் பிக்கப் கூடும் என்று 0.5 மி.மீ. வரை எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 265 சி.சி. 8.7 விகிதத்துக்கு மேலே மீதம் இருக்கும் இடம் சுமார் 34.5 சி.சி. அரை மில்லிமீட்டர் சீவினால் அதில் குறைவது ஒன்றரை சி.சி. போல. விகிதம் 9.05 பக்கம் போகும், அவ்வளவே. ஓட்டும்போது அந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் அடுத்த முறை ஹெட் வளைந்தால் சீவ உலோகம் இருக்காது. நேராகும் வரை மட்டும் சீவுங்கள். பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மி.மீ. போதும்.

ஃபேஸிங்குக்கு முன்பே, விரிசல் வழியே கசிகிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவிலும் பிளக் துளை ஓரத்திலும்தான் விரிசல் விழும். தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அரித்த பள்ளம் இருந்தால் புதுக் கேஸ்கட்டும் அடைக்காது. ஆர்கன் வெல்டிங் செய்து நிரப்பிய பின்தான் சீவ வேண்டும். கடுமையாக வெந்த ஹெட்டின் அலுமினியமே மென்மையாகிவிடும். போல்ட் அமரும் இடத்தில் வாஷர் புதைந்த தடம் ஆழமாகத் தெரிந்தால் அந்த ஹெட்டில் பணம் போடாமல் நல்ல பழைய ஹெட் ஒன்றைத் தேடுவதே லாபம்.

குறைந்த செலவு மேம்பாடுகளில் எங்கள் முதல் ஓட்டு, வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீலுக்கு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு நீலப் புகை, கல்லட்டி மலைப்பாதை போன்ற நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் வந்து மறுபடி மிதிக்கும்போது புகை, இரண்டுக்கும் பொதுவான காரணம் இதுதான். ஆறு சீலின் விலை அற்பம். ஹெட்டைத் திறந்தும் மாற்றாமல் விட்டால் பின்னால் வருத்தப்பட நேரும். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடில் வால்வு ஆடினால் புது சீலும் சீக்கிரம் கிழியும், அதனால் கைடையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது சீட், அதாவது வால்வு மூடும்போது ஹெட்டில் அமரும் விளிம்பு. பழைய வால்வைப் பேஸ்ட் போட்டு மணிக்கணக்கில் தேய்ப்பதைவிட சீட்டை 45 டிகிரியில் வெட்டி, மேலே 15 டிகிரி சாய்வு கொடுத்து, தொடுபட்டையை 1.3 முதல் 1.5 மி.மீ. அகலத்துக்கு நிறுத்தி, கடைசியில் லேசாகத் தேய்ப்பது நீண்ட நாள் நிற்கும். பட்டை அகலமானால் கார்பன் ஒட்டும், ஒடுங்கினால் வால்வின் சூடு சீட்டுக்குக் கடத்தப்படாமல் முனை எரியும். பிளக்கை மாட்டி, சேம்பரில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். போர்ட் பக்கம் ஈரம் தெரியக் கூடாது.

எல்.பி.ஜி.யில் ஓடும் ஆம்னிக்கு எக்சாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட் வளையம் போட்டுவிடுங்கள். காஸில் சீட் சீக்கிரம் தேயும். வால்வு உள்ளே அமிழ, ஸ்டெம் மேலே ஏறி, டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். டேப்பெட் சத்தமே இல்லை என்று ஓட்டுநர் மகிழ்ந்திருக்கும்போது வால்வு மூடாமல் எரிந்துகொண்டிருக்கும். இந்த வண்டிகளில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடைவெளி பார்க்க வேண்டும்.

மேனிஃபோல்ட் துளையையும் ஹெட் போர்ட்டையும் கேஸ்கட் அளவுக்குப் பொருத்தி, நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை மட்டும் எடுப்பது நல்லது. போர்ட்டைப் பெரிதாக்கிக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்வது இந்தச் சின்ன எஞ்சினுக்கு வேண்டாம். குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி நகர நெரிசலில் இழுவை குறையும். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் ஆயில் சீல் ஆகியவற்றை இப்போதே மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைச் சூடான நீரில் போட்டு அதன்மேல் பொறித்த வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றி எறிவது தவறு. எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, பெட்ரோல் கூடுதலாகக் குடித்து, சிலிண்டர் தேயும்.

மாட்டும்போது பிளாக்கின் போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் அழுத்தப்பட்டு பிளாக்கையே பிளக்கும், டார்க்கும் (இறுக்கும் விசையின் அளவு) பொய்யாகக் காட்டும். கேஸ்கட்டில் ‘டாப்’ எழுத்து மேலே பார்த்து, கிராங்க் புல்லி பக்கம் வர வேண்டும். சிலிக்கான் எதுவும் தடவ வேண்டாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக ஏற்றி 55 முதல் 60 நியூட்டன் மீட்டரில் முடியுங்கள். கை உணர்வில் இறுக்கிய ஹெட் சில மாதம் ஓடும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. கேம் குறியைச் சேர்த்த பிறகு, கிராங்கை அந்த 60 டிகிரி திரும்பக் கொண்டுவந்து பெல்ட் மாட்டி, டென்ஷனர் ஸ்பிரிங்கை விட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளை மீண்டும் பார்த்த பின் இறுக்குங்கள். டேப்பெட் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.15, எக்சாஸ்ட் 0.20 மி.மீ. வைக்கலாம்.

முதல் 1,000 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் போல்ட் டார்க்கைச் சரிபார்த்து, டேப்பெட்டை மறுபடி வையுங்கள். கேஸ்கட் அமர்ந்த பின் இடைவெளி மாறியிருக்கும். இதைத் தவிர்த்த வண்டிகளில் கேஸ்கட் ஓரத்தில் ஆயில் ஈரம் முதலில் தெரியும். 10,000 கி.மீ.க்குள் கூலன்ட் மட்டம் இறங்காமல் நின்றால் வேலை சரியாக இருக்கிறது. மழைக்காலத்தில் ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெளிர் படலம் தெரிவதைப் பார்த்துப் பதற வேண்டாம். குறுந்தூர ஓட்டத்தில் ஆவி படிந்தது அது. டிப் ஸ்டிக்கிலும் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால்தான் கவலை.

20,000 கி.மீ.யில் டேப்பெட், 40,000 கி.மீ.யில் கம்ப்ரஷனும் கூலன்ட் மாற்றமும். நன்றாகச் செய்த ஹெட்டில் இந்தக் கட்டத்தில் மூன்று சிலிண்டரும் நெருக்கமாகவே காட்டும், ஸ்டெம் சீல் புகையும் திரும்பியிருக்காது. முதலில் சோர்ந்துபோவது ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஹோஸ் கிளாம்ப்புகளும்தான். அவற்றை வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். ஹெட்டை எத்தனை மி.மீ. சீவினார்கள் என்பதை லேத் பட்டறை பில்லில் எழுதி வாங்கி, வண்டிப் புத்தகத்தோடு வைத்திருங்கள். அடுத்து அதைக் கழற்றப்போகிறவருக்கு முதலில் தேவைப்படும் எண் அது.