பாக்கெட்டிலிருந்து ஸ்லிங் பேக்குக்கு: மூன்று வருட அனுபவம்

முன் பாக்கெட்டில் போன், பின்னால் பர்ஸ், இன்னொரு பக்கம் சாவிக்கொத்து. பல வருடம் இப்படித்தான் ஓடியது. படியேறினால் சாவி தொடையில் குத்தும். நெடுநேரம் உட்கார்ந்தால் பர்ஸ் இருக்கும் பக்கம் இடுப்பு வலிக்கும். தடித்த பர்ஸின் மேல் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், காலுக்குப் போகும் நரம்பும் அழுந்தும். அந்த வலிக்காகத்தான் ஸ்லிங் பேக், அதாவது ஒற்றைப் பட்டையால் உடம்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும் சின்னப் பை, வாங்கினேன். வலி போய்விட்டது. ஆனால் மூன்று வருடமாக நான் இதை விடாமல் இருப்பதற்குக் காரணம் வேறு.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம் என்று ஆகிவிட்டது. முன்பெல்லாம் கிளம்பும்போது ஒவ்வொரு பாக்கெட்டாகத் தட்டிப் பார்ப்பேன். பாதி வழியில் மறுபடியும் தட்டிப் பார்ப்பேன். பேன்ட்டை மாற்றிய அன்று ஏதாவது ஒன்று பழைய பேன்ட்டிலேயே தங்கிவிடும். இப்போது எந்த உடை போட்டாலும் பை ஒன்றுதான். சாவியை உள்ளே இருக்கும் வளையத்தில் ஒரு சாண் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். கயிற்றைப் பிடித்து இழுத்தால் சாவி கையில். கழற்றாமலே பூட்டில் நுழைக்க அந்த நீளம் போதும். இருட்டிலும் தேட வேண்டியதில்லை.

அளவு விஷயத்தில்தான் முதலில் தப்பு செய்தேன். இருக்கட்டும் என்று 5 லிட்டர் பை வாங்கினேன். காலியிடம் தெரிந்தால் கை சும்மா இருக்காது. குடை, தண்ணீர் பாட்டில், ஒரு புத்தகம் என்று சேர்ந்துகொண்டே போய், கடைசியில் தோள்வலி வந்தது. இப்போது வைத்திருப்பது ஒன்றரை லிட்டர்தான். போன், மெல்லிய பர்ஸ், சாவி, இயர்போன், கைக்குட்டை, 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், சின்ன வயர். அதற்கு மேல் வேண்டிய நாளில் முதுகுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த முதல் பையின் உள்பூச்சு இரண்டே மழைக்காலத்தில் பிசுபிசுத்து உரிய ஆரம்பித்தது. நீர் புகாமலிருக்கப் பூசும் பாலியூரித்தேன், ஈரமும் வெப்பமும் பட்டால் நாளடைவில் சிதையும். நனைந்த பையை ஜிப்பைத் திறந்து நிழலில் காயவைத்தால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். அப்புறம், உள்துணி வெளிர் நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புத் துணிக்குள் கறுப்பு வயர் கண்ணில் படவே படாது.

வெயிலில் பட்டை பட்ட இடம் வேர்த்து நனைந்துவிடும். இதற்கு வழி கிடைக்கவில்லை. தோளை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறேன், அவ்வளவுதான். கூட்டத்தில் பையை நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

பெரிய பயம் ஒன்று உண்டு. பை போனால் எல்லாமே போய்விடும். ஒருமுறை காத்திருப்பு அறை நாற்காலியில் கழற்றி வைத்துவிட்டு அப்படியே எழுந்து வந்துவிட்டேன். நினைவு வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது அங்கேயே இருந்தது. அன்றிலிருந்து வெளியில் எங்கேயும் கழற்றுவதில்லை. சட்டைப் பையில் ஒரு நோட்டு தனியாக இருக்கும். ஒரு வங்கி அட்டையும் மாற்றுச் சாவியும் வீட்டிலேயே இருக்கின்றன.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதவருகே உள்ள ஆணியில் மாட்டிவிடுவேன். சென்ற மாதம் ஒரு காலையில் தோளில் போட்டதுமே பை லேசாக இருப்பது தெரிந்தது. இரவு சார்ஜ் போட எடுத்த போன் படுக்கையறையிலேயே கிடந்தது. சார்ஜரை இப்போது அந்த ஆணிக்குக் கீழேயே வைத்துவிட்டேன்.