அசிட் பற்றரியா, லித்தியமா: மச்சானின் பாய்ப்படகுக்கு ஒரு கரண்ட் கணக்கு

நோர்வேயில் இருக்கும் என் மச்சான் 38 அடிப் பாய்ப்படகொன்றை மலேசியாவின் லங்காவியில் வாங்கிவிட்டான். தை பிறக்க, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றைப் பிடித்துத் திருகோணமலைக்கு ஓடி வருகிறானாம். ஆயிரத்துச் சொச்சம் கடல்மைல், எட்டுப் பத்து நாள் ஓட்டம். முள்ளியவளையில் பற்றரிக் கடை வைத்திருக்கும் எனக்கு இரவு பதினொரு மணிக்குப் போன்.

“மச்சான், லித்தியம் நல்லதோ, அசிட் நல்லதோ? எத்தினை போடுறது?”

“அதை விடு. ஒரு நாளைக்கு உனக்கு எவ்வளவு கரண்ட் போகும்?”

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததில் பிழையில்லை. பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் வருகிற ஊரில் இருபது வருசம் இருந்தவன். நாங்கள் தொண்ணூறுகளில் வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள். ரோச் பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. செய்தி முடிந்த கையோடு மிதிப்பதை நிறுத்திவிடுவோம். பாட்டுக்கு மிதிக்க ஒருத்தனுக்கும் கால் இல்லை. ஒரு வாற் எவ்வளவு வேர்வை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

ஆகவே முதலில் கணக்கு. 12 வோல்ற் படகில் குளிர்ப்பெட்டி நாளைக்கு 50 ஏ.எச். (அம்பியரை மணியால் பெருக்கினால் வருவது) குடிக்கும். தானாகச் சுக்கான் பிடிக்கும் ஓட்டோ பைலற் கடலைப் பொறுத்தது, 60 என்று வைப்போம். வரைபடத்திரையும் கருவிகளும் மணிக்கு ஒன்றரை அம்பியர்ப்படி 36. எல்ஈடி விளக்குகள் 10. போன், மடிக்கணினி, வோக்கி எல்லாம் சேர்த்து 24. மொத்தம் 180 ஏ.எச். நங்கூரம் போட்டு நிற்கும்போது ஓட்டோ பைலற்றும் திரையும் ஓயும், அப்போது பாதியோடு நிற்கும். இந்த 180ஐ எழுதி வைத்துக்கொண்டுதான் இனி எந்தப் பற்றரியையும் பார்க்கவேண்டும்.

அசிட் பற்றரி என்று நாங்கள் சொல்வது தண்ணீர் ஊற்றுகிற ஈயப் பற்றரியை. பிரெஞ்சுக்காரர் பிளான்ரே 1859இல் கண்டுபிடித்த சாமான், இன்னும் சாகவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, எந்தச் சந்தியிலும் கிடைக்கும், பழுதானால் பழைய ஈயத்துக்கும் காசு தருவார்கள். வோல்ற் மீற்றரை வைத்தாலே அதன் வயிறு தெரியும்: இரண்டு மூன்று மணித்தியாலம் ஓய்ந்தபின் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் தேயும். கவனமாகப் பாதிவரை இறக்கி ஏற்றினால் சில நூறு தடவை ஓடும்.

கடலில் அதன் உண்மையான நோய் அடிப்பக்கத்தில் இல்லை, மேல்பக்கத்தில். நெல் மூடை கட்டுவதை நினைத்துப் பாருங்கள். முதல் முக்கால் மூடை கொட்டக் கொட்டப் போகும். கடைசிக் கொஞ்சத்தைக் குலுக்கிக் குத்தித்தான் இறுக்கவேண்டும். அசிட் பற்றரியும் 80 வீதம்வரை மளமளவென்று ஏறும். மிச்ச 20 வீதத்துக்கு எவ்வளவு பெரிய சார்ஜர் இருந்தாலும் நாலைந்து மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். படகில் யார் காத்திருப்பது? மத்தியானத்துக்குப் பிறகு மேகம் மூடும், இல்லாவிட்டால் இன்ஜினை நிற்பாட்டிவிடுவார்கள். மூடை ஒருநாளும் நிறையாது. நிறையாமல் கிடக்கும் தகட்டில் ஈயசல்பேற்று இறுகிப் படியும், படிந்தது பிறகு கரையாது. ஆக 400 ஏ.எச். அசிட் பற்றரி வைத்தவன் 50 வீதத்துக்கும் 85க்கும் இடையில்தான் சீவிக்கிறான்: கைக்கு வருவது 140. எடையோ நூறு நூறாக நாலு பற்றரிக்கு 120 கிலோ அளவில்.

எங்கள் பக்கத்துச் சூடு வேறு. பற்றரியின் ஆயுளை 25 பாகை செல்சியசுக்குத்தான் எழுதுகிறார்கள். அதற்குமேல் பத்துப் பாகை கூடக்கூட ஆயுள் பாதியாகும். இன்ஜினுக்குப் பக்கத்தில் பற்றரிப் பெட்டி வைக்கும் பழக்கத்தை விடச் சொன்னால் ஒருத்தரும் கேட்பதில்லை.

ஏஜிஎம் என்பது அதே ஈயம்தான். அசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்து மூடிவிட்டார்கள். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, சரிந்தாலும் சிந்தாது, சும்மா கிடந்தாலும் மெதுவாகத்தான் வடியும், அசிட்டைவிடக் கொஞ்சம் வேகமாக ஏறும். ஆனால் மூடை நிறையாத நோய் இதற்கும் உண்டு. வோல்ற் கூடிப் பொங்கினால் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும், திருப்பி ஊற்ற வழியில்லை. மச்சானின் படகுக்கு இது இரண்டுங்கெட்டான்: லித்தியத்தின் சுகமும் இல்லை, அசிட்டின் மலிவும் இல்லை.

இனி லித்தியம். போனுக்குள் இருப்பதும் படகுக்குப் போடுவதும் ஒன்றல்ல. படகுக்கு வருவது லித்தியம் இரும்புப் பொசுபேற்று. அமெரிக்க விஞ்ஞானி குடினஃபின் ஆய்வுகூடத்தில் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பிறந்தது. அவருக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. போன் பற்றரியைப்போல் சட்டென்று தீப்பிடிக்கிற சாதி இல்லை. 3.2 வோல்ற் செல் நாலைக் கோத்தால் 12.8. நூறு ஏ.எச். பற்றரி 12 கிலோ அளவில்தான் வரும். ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம், அரைகுறையாகக் கிடந்தால் இதற்கு ஒன்றும் ஆகாது. அரைவயிற்றோடு கிடப்பதுதான் இதற்குச் சுகம். நிறைய ஏற்றி வெக்கைக்குள் மாதக்கணக்கில் விட்டால்தான் கெடும். 200 ஏ.எச். லித்தியம் 160ஐத் தரும், எடை 25 கிலோ. அந்த 120 கிலோ ஈயத்தின் 140ஓடு ஒப்பிட்டால் முடிவு தெரிந்துவிடும்போல்தான் இருக்கிறது. உறைகுளிரில் லித்தியத்தை ஏற்றக்கூடாது என்றொரு விதியும் உண்டு. அது மச்சானுக்கு நோர்வேயில் உதவும்.

தெரிந்துவிடும்போல்தான் இருக்கிறது என்றேன், ஏனென்றால் நான் சூடு கண்ட பூனை. சில வருசத்துக்கு முந்தி திருகோணமலை கொட்பேயில் ஒரு பலநாள் படகுக்கு லித்தியம் பூட்டிக் கொடுத்தேன். பழைய அசிட்டைக் கழற்றி அதே கேபிளில் புதியதைக் கொழுவினேன், வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. பெருமையாக வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் நாள் போன்: “அண்ணை, இன்ஜின் அறையில ரப்பர் எரியிற மணம்.” அசிட் பற்றரி ஏற ஏறத் தானே ‘போதும்’ என்று கையை எடுக்கும், இன்ஜினோடு சுழன்று கரண்ட் தரும் ஓல்ரனேற்றரும் இளைப்பாறும். லித்தியத்தின் உட்தடை குறைவு, கடைசிவரை ‘இன்னும் தா’ என்றுதான் நிற்கும். இன்ஜின் மெதுவாக ஓட, விசிறியில் காற்றுக் குறைய, முழு அம்பியரும் கொடுத்துக் கொடுத்து ஓல்ரனேற்றர் வெந்துவிட்டது. அந்த ஓல்ரனேற்றரை என் காசில்தான் மாற்றிக் கொடுத்தேன்.

இதோடு முடியவில்லை. லித்தியத்துக்குள் பிஎம்எஸ் என்றொரு காவற்காரன் இருக்கிறான். ஒரு செல் எல்லை தாண்டினால் தொடர்பை வெட்டிவிடுவான். ஓல்ரனேற்றர் ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டினால், போக இடமில்லாத மின்னழுத்தம் எகிறி டயோட்டுகளை உடைக்கும். இரவில் வெட்டினால் திரை, விளக்கு, சுக்கான் எல்லாம் ஒரே நொடியில் இருட்டு. அசிட்டைப்போல் விளக்கு மங்கி முன்னறிவிக்காது. வோல்ற் மீற்றரும் கடைசிவரை 13ஐச் சுற்றியே காட்டிக்கொண்டிருக்கும். வெளியே போன, உள்ளே வந்த அம்பியரை எண்ணுகிற ஷன்ற் மீற்றர் இல்லாமல் லித்தியம் வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நடப்பதுதான்.

மருந்து இருக்கிறது. இன்ஜின் தொடக்கத்துக்குத் தனியாக ஒரு சின்ன அசிட் பற்றரி, ஓல்ரனேற்றர் அதற்கு மட்டும் கொடுக்கும். அங்கிருந்து லித்தியத்துக்கு ஒரு டிசி-டிசி சார்ஜர், 30 அம்பியருக்கு மேல் விடாது. சுக்கானையும் வோக்கியையும் வெட்டிமாற்றும் ஒரு சுவிற்சினால் அந்த அசிட் பற்றரிக்கு மாற்றமுடிந்தால் இருட்டுப் பயமும் போகும். விற்கிறவர்கள் லித்தியத்தின் விலையை மட்டும் சொல்வார்கள். டிசி-டிசி, ஷன்ற், தகுந்த பியூஸ் எல்லாம் சேர்த்துத்தான் விலை. இன்னொன்று, நடுவழித் தீவொன்றில் பழுதானால் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் தனி லித்தியம் பற்றரி ஏற்றமாட்டார்கள். அசிட் என்றால் அந்தத் தீவின் லொறிக் கராச்சிலேயே கிடைக்கும்.

முல்லைத்தீவுக் கரையில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். எங்கள் பைபர் வள்ளங்களுக்கு வெளியிணைப்பு இன்ஜின், ஒரு ஜிபிஎஸ், ஒரு விளக்கு. விடியப்புறம் கரைக்கு வந்தால் பற்றரியைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஆளை முடிப்பது சிந்துகிற அசிட்டும் தெறிக்கிற உப்புத் தண்ணீரும்தான். உப்புத் தண்ணீரில் விளக்கெரிவது வற்றாப்பளை அம்மாளுக்கு மட்டும். பற்றரி அசிட்டுக்குள் உப்புத் தண்ணீர் போனால் குளோரின் வாயு வரும், அதை மணந்து பார்க்கக்கூடாது. பாய்ப்படகில் இரண்டுங்கெட்டான் என்று நான் ஒதுக்கிய ஏஜிஎம் இந்தத் திறந்த வள்ளத்தில் முதலிடம். 40 ஏ.எச். ஒன்று போதும். வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கவென்று பெரிய பற்றரி கேட்டு வருகிறவர்கள் வேறு கடை பார்க்கலாம்.

பற்றரி வெறும் குளம். வாய்க்கால் எது என்பதில்தான் மச்சான் இன்னும் கோட்டை விட்டிருந்தான்.

சோலர்தான் முதல் வாய்க்கால். 400 வாற் பனல் என்று எழுதியிருந்தால் 400 கிடைக்காது. அந்த எண் செல்லின் சூடு 25 பாகையாக இருக்கும்போது அளந்தது. எங்கள் வெயிலில் செல் 60ஐத் தொடும், பாகைக்கு 0.3 - 0.4 வீதம்படி பத்து வீதத்துக்கு மேல் அங்கேயே போகும். கூரையில் என்றால் நல்ல வெயில் நாளில் ஐந்து மணி முழு வெயில் என்று கணக்கிடுவேன், படகில் நாலு. ஏனென்றால் பாய்மரமும் கயிறும் நிழல் போடும். ஒரே ஒரு செல்லில் நிழல் விழுந்தால் பனலின் மூன்றிலொரு பங்கு படுத்துவிடும். காகம் எச்சமிட்டாலும் அதே கதைதான். 400ஐ நாலால் பெருக்கி, இழப்புக்கு முப்பது வீதம் கழித்தால் 1120 வாற் மணி. பற்றரிக்குள் 85 ஏ.எச். நங்கூரத்தில் நிற்கிறவனுக்கு அது போதும். ஓடுகிறவனுக்குப் பாதிகூட இல்லை.

வளைகிற பனலா, கண்ணாடிப் பனலா என்று கேட்டான். வளைகிறதைக் கூரையில் ஒட்டினால் கீழே காற்றுப் போகாது, வெந்து சில வருசத்தில் குறைந்துவிடும். பின்பக்கத்தில் குழாய்ச் சட்டம் அடித்துக் கண்ணாடிப் பனல் போடு என்றேன். அழகு கெடும் என்றான். கெடட்டும். பனல்களைத் தொடராகக் கோக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எம்பிபிடி (பனலின் முழு வலுவையும் பற்றரிக்கேற்ற வோல்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கட்டுப்படுத்தி) கொடுத்தால் ஒன்றில் விழுந்த நிழல் மற்றதைத் தொடாது. மலிவான பிடபிள்யூஎம் கட்டுப்படுத்தி 18 வோல்ற் பனலைப் பற்றரியின் வோல்றுக்கு இழுத்து இறக்கிவிடும், காற்பங்கு கரண்ட் வீண்.

காற்றாடியை அவன் மிகவும் விரும்பினான், அழகாகச் சுற்றுமாம். காற்றின் வேகம் இரட்டித்தால் வலு எட்டு மடங்கு. குறைந்தாலும் அதே விகிதம்தான். வாடை 15 நொட் (ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) அடிக்க, அவன் மேற்கே 6 நொட்டில் ஓடினால் காற்று பின்பக்கமாகச் சரிந்து வரும். படகே காற்றுக்கு முன்னால் ஓடுவதால் காற்றாடிக்குத் தெரிவது 11, 12 நொட்தான். வலு பாதிக்கும் குறைவு. இரவு முழுக்க அதன் இரைச்சல் தலைமாட்டில்.

இந்த ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சுழலி. படகின் பின்னால் கடலுக்குள் இறக்கிவிடும் சின்ன உந்தி. ஐந்தாறு நொட் ஓட்டத்தில் 100 வாற் அளவில், இராப்பகலாக. 24 மணித்தியாலத்துக்கு 2400 வாற் மணி, 180 ஏ.எச். சுற்றிவர. அவனுடைய முழுக் கணக்கும் அந்த ஒன்றிலேயே அடைபடுகிறது. வேகம் கொஞ்சம் குறையும், கடற்பாசி சிக்கினால் தூக்கித் துடைக்கவேண்டும், விலை கண்ணைக் கட்டும். நங்கூரம் போட்டதும் ஒரு சதத்துக்கும் உதவாது.

ஜெனரேற்றர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கையில் தூக்கும் பெற்றோல் ஜெனரேற்றரை உள்ளே வைத்து ஓட்டாதே, அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை என்று மட்டும் சொன்னேன்.

முடிவாக எழுதி அனுப்பியது இது: 200 ஏ.எச். லித்தியம், தொடக்கத்துக்குத் தனி அசிட், டிசி-டிசி 30, ஷன்ற் மீற்றர், கண்ணாடிப் பனல் 400 வாற், காசு மிஞ்சினால் தண்ணீர்ச் சுழலி. மிஞ்சாவிட்டால் ஓட்டோ பைலற்றைப் பகலில் நிற்பாட்டிவிட்டுக் கையால் சுக்கான் பிடி. மணிக்கு இரண்டரை அம்பியர் மிச்சம்.

மறுநாள் ஒரு படம் வந்தது. படகின் பின்பக்கக் கம்பத்தில் புத்தம் புதிய காற்றாடி, வெள்ளை நிறம், மூன்று இதழ்.

“மச்சான், கோவிக்காதை. இது போன கிழமையே வாங்கிட்டன்.”

“சரி, திருகோணமலையில கழட்டித் தா. சோளகக் காத்துக்குக் கோழிக்கூட்டடியில பூட்டுவம்.”