ரீயூஸ் டூல் ரிவ்யூ: லைசென்ஸ் ஃபைல் ஒண்ணு போட்டா போதும்னு இருந்தேன்

ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் வெச்சிருக்கவங்க, புதுசா ஆரம்பிக்கப் போறவங்க எல்லாரும் ஒரு தடவ இத படிச்சிடுங்க. ரீயூஸ்னு ஒரு கமாண்ட் லைன் டூல், ஒவ்வொரு ஃபைலும் யாரோடது, எந்த லைசென்ஸ்ல இருக்குன்னு எழுதியிருக்கானு பாக்குறது, அத பத்தி தான் சொல்லப்போறேன். ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் யூரோப் 2017ல ஆரம்பிச்சது, பைத்தான்ல எழுதினது, பைத்தான் டூல்கள எறக்குற பிப்எக்ஸ் வெச்சு டக்குனு இன்ஸ்டால் பண்ணிக்கலாம், காசு கிடையாது. டூல் ஜிபிஎல் லைசென்ஸ்ல (தன் கோட சேத்து வெளியிடுற கோடும் அதே லைசென்ஸ்ல வரணும்னு கேக்குறது) இருக்கே, நம்ம ப்ராஜெக்டும் ஜிபிஎல் ஆயிடுமோனு சிலர் பயப்படுறாங்க, அப்படி எல்லாம் ஆகாது, நம்ம ஃபைல செக் பண்ணத்தான் ஓட்டுறோம், அதோட கோட நம்ம கோடுக்குள்ள சேக்கல.

நான் சப்டைட்டில் டைமிங் சரி பண்ற ஒரு சின்ன லைப்ரரி பாத்துக்குறேன். 140 ஃபைல், 11 பேர் கோட் குடுத்திருக்காங்க. ரூட்ல, அதாவது ப்ராஜெக்டோட மேல் ஃபோல்டர்ல, எம்ஐடினு ரொம்ப கட்டுப்பாடு இல்லாத ஒரு லைசென்ஸ் ஃபைல் இருந்துச்சு, கான்ட்ரிப்யூட்டிங் ஃபைல்ல "நீங்க அனுப்புற கோடும் இதே லைசென்ஸ்ல தான் வரும்"னு ஒரு வரி இருந்துச்சு, அதோட அந்த விஷயத்த மறந்துட்டேன். போன வருஷம் ஒருத்தர் மெயில் போட்டார், லைப்ரரிய அவங்க வேலைக்கு எடுத்துக்கப் போறாங்களாம், நேரத்த பார்ஸ் பண்ற (படிச்சு பிரிக்கிற) ஒரு ஃபைல் மட்டும் எழுதின விதமே வேற மாதிரி இருக்கு, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டார். பதில் என்கிட்ட இல்ல. அன்னைக்கு ராத்திரி தான் ரீயூஸ் லின்ட்னு அந்த டூல்ல செக் பண்ற கமாண்ட ஓட்டினேன்.

இந்த டூல் கேக்குறது ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ஃபைல்லயும் ரெண்டு வரி இருக்கணும், காப்பிரைட் யாரோடது, லைசென்ஸ் எது. லைசென்ஸ் பேர, லைசென்ஸ்களுக்கு பொதுவான சுருக்கப் பேர் குடுக்குற எஸ்பிடிஎக்ஸ் லிஸ்ட்ல இருக்குற மாதிரியே எழுதணும். அந்த லைசென்ஸோட முழு டெக்ஸ்ட் லைசென்சஸ்னு ஒரு ஃபோல்டர்ல இருக்கணும், ரீயூஸ் டவுன்லோட்னு குடுத்தா அதுவே எறக்கி வெச்சிடும். படம் மாதிரி கமென்ட் எழுத முடியாத ஃபைலுக்கு அதே பேரோட கடைசியில டாட் லைசென்ஸ்னு சேத்து பக்கத்துலயே ஒரு குட்டி ஃபைல் வெச்சா போதும். ஒரு ஃபோல்டர் நிறைய டெஸ்ட் டேட்டா இருந்தா ரீயூஸ் டாம்ல்னு ஒரே ஃபைல்ல மொத்தமா சொல்லிடலாம், இது 2024ல வந்த வசதி, அதுக்கு முன்னாடி இதே வேலைக்கு இருந்த டெப்5 ஃபைல் வெச்சிருக்கவங்க மாத்திக்க தனி கமாண்டே குடுத்திருக்காங்க.

லின்ட் ஓட்டினப்ப 140ல 131 ஃபைல்ல ஒரு தகவலும் இல்லன்னு வந்துச்சு. ரூட்ல லைசென்ஸ் இருக்கே அப்புறம் எதுக்கு ஒவ்வொரு ஃபைல்லயும்னு எனக்கும் முதல்ல எரிச்சலா தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சு பாருங்க, நம்ம கோட எடுக்குறவங்க முக்கால்வாசி பேர் முழு ரெப்போவும் (மொத்த ப்ராஜெக்டும்) எடுக்க மாட்டாங்க, ஒரு ஃபைல மட்டும் காப்பி பண்ணி அவங்க ஃபோல்டர்ல போட்டுக்குவாங்க, அந்த நிமிஷமே ரூட்ல இருக்குற லைசென்ஸுக்கும் அந்த ஃபைலுக்கும் இருந்த தொடர்பு அறுந்து போச்சு. என் ப்ராஜெக்ட்ல நடந்ததும் அதே தான், வேற எங்கேயோ இருந்து வந்த ஃபைல்.

இப்ப ரொம்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ரீயூஸ் அனோட்டேட்னு ஒரு கமாண்ட் இருக்கு, ரிகர்சிவ் ஆப்ஷன் போட்டா உள் ஃபோல்டர் வரைக்கும் போய் எல்லா ஃபைல் தலையிலயும் ஒரே அடியா அந்த ரெண்டு வரி ஹெடர எழுதிடும், எந்த மொழிக்கு கமென்ட் எப்படி எழுதணும்னு அதுவே பாத்துக்கும். என் பேரும் எம்ஐடியும் குடுத்து ஓட்டியிருந்தா அஞ்சு நிமிஷத்துல லின்ட் பாஸ் ஆகி வாழ்த்து மெசேஜும் வந்திருக்கும், ஆனா அது அத்தனையும் பொய்யா இருந்திருக்கும். ஏன்னா நீங்க எழுதுறத டூல் அப்படியே நம்பிடும், அது உண்மையானு அதுக்கு தெரியாது, தெரிய வழியும் இல்ல. அதனால தயவு செஞ்சு மொத்தமா ஓட்டாதீங்க. நான் மூணு வாரம் சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து ஒவ்வொரு ஃபைலுக்கும் யார் எப்ப மாத்தினாங்கன்னு காட்டுற கிட் லாக் பாத்து, கமிட் பண்ணவங்ககிட்ட கேட்டு தான் எழுதினேன்.

அந்த பார்சர் ஃபைல் அப்பாச்சி 2.0 லைசென்ஸ்ல இருக்குற வேற ஒரு ப்ராஜெக்ட்லேர்ந்து வந்திருக்கு, கொண்டு வந்தவர் மேல இருந்த ஹெடர தூக்கிட்டார், கெட்ட எண்ணம் இல்ல, ஓப்பன் சோர்ஸ் தானேன்னு நெனச்சிருக்கார். அப்பாச்சில காப்பிரைட் வரிய எடுக்கக் கூடாது, மாத்தியிருந்தா மாத்தினேன்னு சொல்லணும், லைசென்ஸ் டெக்ஸ்ட்டும் கூட போகணும். பழைய ஹெடர திரும்ப வெச்சு, நாங்க மாத்தினத கீழ எழுதினோம், சரியாயிடுச்சு. இன்னொன்னு ஒரு ஐகான். ஃப்ரீனு போட்டிருந்த இடத்துலேர்ந்து எடுத்தது, தேடி பாத்தா கிரியேட்டிவ் காமன்ஸ்ல வியாபாரத்துக்கு கூடாதுன்னு சொல்ற வகை. இதோட எங்க லைப்ரரிய யாராவது விக்கிற சாஃப்ட்வேர்ல சேத்திருந்தா மாட்டுறது அவங்க. ஐகான தூக்கிட்டு புதுசா ஒண்ணு நானே வரைஞ்சேன்.

வெறும் ஜிபிஎல் 2.0ன்னு எழுதியிருந்த ரெண்டு டெஸ்ட் ஸ்கிரிப்டயும் லின்ட் புடிச்சு குடுத்துச்சு. அந்த பழைய பேர எஸ்பிடிஎக்ஸ் கைவிட்டாச்சு, 2.0 மட்டுமா இல்ல அதுக்கப்புறம் வர்ற வெர்ஷனும் சேத்தானு தெளிவா எழுதணும். சின்ன விஷயமா தெரியும், ஆனா அப்பாச்சி 2.0 கோட ஜிபிஎல் 3 கூட சேக்கலாம், ஜிபிஎல் 2 மட்டும்னு இருக்குறது கூட சேக்க முடியாதுன்னு தான் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே சொல்லுது. இந்த மாதிரி லைசென்ஸ் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதானு ரீயூஸ் பாக்காது, அத நம்ம தான் பாத்துக்கணும். இத தெரிஞ்சுக்கிட்டு டூல எடுங்க.

அதே மாதிரி கோட் அனுப்புறவருக்கு அத அனுப்ப உரிமை இருக்கானும் இது கேக்காது. அதுக்கு டிசிஓ வெச்சேன், கோட் அனுப்புறவர் அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உறுதி சொல்ற முறை. 2003ல எஸ்சிஓ கம்பெனி, தன் கோட லினக்ஸ்ல போட்டுட்டாங்கன்னு ஐபிஎம் மேல கேஸ் போட்டதுக்கு அப்புறம் 2004ல லினக்ஸ் கெர்னல்ல கொண்டு வந்த முறை இது, கமிட் பண்றப்ப மைனஸ் எஸ் போட்டா சைன்டு ஆஃப் பைனு உங்க பேர் ஒரு வரியா சேரும், இத அனுப்ப எனக்கு உரிமை இருக்குன்னு நீங்க சொல்றீங்கன்னு அர்த்தம். சிஎல்ஏ, அதாவது கோட் குடுக்குறவங்ககிட்ட தனியா ஒரு ஒப்பந்தம் வாங்குறது, அத வெக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார், எனக்கு மனசு வரல. நிறைய சிஎல்ஏல, பின்னாடி லைசென்ஸ மாத்துற அதிகாரம் ஒரே கைக்கு போயிடுது. அது இல்லன்னா மாத்துறது கஷ்டம் தான், விஎல்சி வீடியோ ப்ளேயர்காரங்க 2011, 2012ல அதோட லைப்ரரி லிப்விஎல்சிய ஜிபிஎல்லேர்ந்து, அத விட கட்டுப்பாடு கம்மியான எல்ஜிபிஎல்லுக்கு கொண்டு போக கோட் எழுதினவங்கள எல்லாம் தேடிப் புடிச்சு சம்மதம் வாங்கினாங்க. அந்த கஷ்டம் தான் கோட் குடுத்தவங்களுக்கு பாதுகாப்புன்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப எங்க கான்ட்ரிப்யூட்டிங் ஃபைல்ல நாலே வரி தான். ஹெடர் போடுங்க, வேற இடத்து கோட்னா எங்கேர்ந்துனு சொல்லுங்க, பழைய ஹெடர தொடாதீங்க, மைனஸ் எஸ் போடுங்க. கோட் வந்ததும் தானா செக் பண்ற சிஐல லின்ட் ஓடுது, ஹெடர் இல்லாம புல் ரிக்வெஸ்ட் (கோட சேத்துக்க சொல்லி அனுப்புறது) வந்தா அங்கேயே நின்னுடும், எந்த ஃபைல்னு பேரோட சொல்லிடும், நான் யாரையும் கேட்டு சங்கடப்படுத்த வேண்டியதில்ல. முதல் தடவ கோட் அனுப்புற பசங்களுக்கு இது கொஞ்சம் மிரட்டுது, அதனால அவங்க புல் ரிக்வெஸ்ட்ல என்ன வரி எழுதணும்னு நானே கமென்ட்ல போட்டுடுறேன், காப்பி பண்ணி ஒட்டினா முடிஞ்சுது.

நெட்லேர்ந்து டேட்டா எறக்குற கர்ல் டூல் 2022லயே மொத்தமா ரீயூஸ் முறைக்கு மாறியாச்சு, லினக்ஸ் டெஸ்க்டாப் பண்ற கேடிஈலயும் இந்த முறை தான், அதனால பெரிய ப்ராஜெக்டுக்கு தாங்குமானு யோசிக்கவே வேண்டாம். அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அரை கொறச்சது அந்த ரிகர்சிவ் ஆப்ஷனுக்கு தான், "இந்த ஃபைல் எல்லாம் நீங்க எழுதினது தானா"ன்னு ஓடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா எவ்ளோ நல்லா இருக்கும்.