நன்கொடையாளர் பட்டியலைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

மேற்கு மாம்பலத்தில், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் ஒரு சின்ன டிரஸ்டில் ஆபீஸ் பொறுப்பில் இருக்கிறேன். 2024 ஏப்ரலில் எங்களுக்கு நடந்ததை, எங்களைப் போன்ற சின்ன டிரஸ்ட் நடத்துபவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் நன்கொடையாளர் விவரம் முழுக்க எக்ஸெலில்தான் இருந்தது. சுமார் 3,800 பேர். பெயர், முகவரி, பிறந்த தேதி, பான் எண், மொபைல், ரசீது எண், தொகை, தேதி, கடைசியில் தமிழில் ஒரு குறிப்பு. எங்களுக்கு அந்தக் குறிப்புதான் உயிர். "ஆவணி திதிக்கு அன்னதானம்", "மகன் நம்பர், காலையில் கூப்பிட வேண்டாம்", "கணவர் காலமானார், கடிதம் அம்மா பெயருக்கு" என்று பல வருடமாகச் சேர்த்தவை.

புது சாஃப்ட்வேர் போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் வந்தது. "டேட்டாவ நீங்க தொடவே வேணாம் மேடம், மூணே நாள், எல்லாம் உள்ள ஏத்திடறோம்" என்றார்கள். 60,000 ரூபாயை முழுசாக முன்பணமாகக் கேட்டார்கள். கொடுத்தோம். வந்த பையன் ஃபைலைத் தன்னுடைய சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டான். 3,800 பேருடைய பான் எண்ணும் மொபைல் எண்ணும் அதில் இருக்கின்றன. அன்றைக்கே நான் தடுத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும், "ரெண்டு எடத்துல இருந்தா குழப்பம்" என்று சொல்லி எங்கள் கணினியில் இருந்த பழைய ஃபைலையும் அழித்துவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்கு நங்கநல்லூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். வருடா வருடம் கணவர் திதிக்கு அன்னதானம் கொடுப்பவர். கோபப்படவே இல்லை. "ஏம்மா, அவருக்குப் பொறந்தநாள் வாழ்த்துன்னு மெசேஜ் வந்திருக்கு. அவர் போய் அஞ்சு வருஷம் ஆச்சே, ஒனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும். அந்தக் குறிப்பை எழுதியதே நான். போனை வைத்த பிறகு வெகுநேரம் எதுவும் ஓடவில்லை.

திறந்து பார்த்தால் குறிப்பு என்ற பகுதியே இல்லை. எக்ஸெல் ஃபைலைச் சாதாரண சிஎஸ்வியாக, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாகச் சேமித்திருக்கிறார்கள். அப்படிச் சேமித்தால் தமிழ் எழுத்து அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும்; எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். 3,800 வரியிலும் கேள்விக்குறியைப் பார்த்தவர்கள், குப்பை என்று நினைத்து அந்தப் பகுதியையே நீக்கியிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரிபார்க்கும் முன்பே தானாகப் போகும் மெசேஜையும் முடுக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் தொகையைக் கூட்டிப் பார்த்தேன். 2023-24க்கு எங்கள் பேரேட்டில் 41 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. புது சாஃப்ட்வேர் காட்டியது 16 லட்சத்துச் சொச்சம்.

காரணம் தேதி. நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அந்த சாஃப்ட்வேர் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படித்தது. 03/04/2023 என்ற ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகி முந்தைய நிதியாண்டுக்குப் போய்விட்டது. 12ஆம் தேதிக்கு மேல் வந்ததெல்லாம், பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், தேதியே இல்லாமல் காலியாக ஏறியது. மார்ச் கடைசி வாரத்தில்தான் வரிவிலக்குக்காக நிறையப் பேர் பணம் அனுப்புவார்கள். அவ்வளவும் தேதியில்லாமல் கிடந்தது. வருடம்-மாதம்-நாள் என்று 2023-04-03 போல எழுதிக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கும் பதிவு, உள்ள டிரஸ்டுகளுக்கு இதன் கனம் தெரியும். 2024இல் இருந்த விதிப்படி, நன்கொடை விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31க்குள் வருமான வரித்துறைக்குக் கொடுத்து, ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் 10பிஇ சான்றிதழ் தர வேண்டியிருந்தது. தாமதமானால் அப்போது நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். நாம் கொடுக்கும் விவரத்தை வைத்துத்தான் அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும். நம் தப்புக்கு நன்கொடையாளர் பதில் சொல்ல வேண்டிவரும்.

பெயர் விஷயம் இன்னும் மோசம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கட்டாயமாம். நம் ஊரில் கடைசிப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது? இனிஷியலைக் கழற்றிவிட்டார்கள். எஸ். ராமகிருஷ்ணன், டி. ராமகிருஷ்ணன், கே.வி. ராமகிருஷ்ணன் மூவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள், ஒரே பான் எண்ணோடு. ஒரே மொபைல் எண் கொடுத்திருந்த கணவன் மனைவியையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். இரட்டைப் பதிவை நீக்குவது நல்ல வேலைதான். ஆனால் பெயர் ஒன்று, எண் ஒன்று என்பதை மட்டும் வைத்து மெஷின் இணைக்கக் கூடாது. பெயர், மொபைல், பான், முகவரி எல்லாவற்றையும் ஒப்பிட்டு, சந்தேகமானதைத் தனிப் பட்டியலாக்கி, ஆட்களைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 00417 என்ற ரசீது எண் 417 ஆனதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதிகளை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றி வைத்தால் பூஜ்யம் உதிராது.

கேட்டதற்கு, "உங்க டேட்டாவே சரியில்ல மேடம், அத க்ளீன் பண்ண தனியா 45,000 ஆகும்" என்றார்கள். ஏற்றியதை மொத்தமாகத் திரும்ப எடுங்கள் என்றேன். முடியாதாம். எந்த வரி எப்போது ஏறியது என்று அடையாளமே வைக்கவில்லை. பழைய வரிசை எண்ணையும் கொண்டுவரவில்லை. அது இருந்திருந்தால் பழையதையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கலாம். ஐம்பது வரியை மட்டும் முதலில் ஏற்றிக் காட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அப்படிக் கேட்டால் சுலபமான வரிகளைக் கொடுக்காதீர்கள். தமிழ்க் குறிப்பு உள்ளது, இனிஷியல் இரண்டு உள்ளது, காலமானவர், பான் இல்லாதவர், மாதக் கடைசித் தேதி என்று சிக்கலானதாகப் பொறுக்கிக் கொடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது கணக்கு பார்க்கும் பெண்ணின் பென்டிரைவ். பிப்ரவரி வரையிலான பழைய ஃபைல் அதில் இருந்தது. மார்ச் மாதத்தை மட்டும் ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளை வைத்து நாங்கள் மூன்று பேர் மூன்று வாரம் திரும்ப அடித்தோம். ஒவ்வொரு பான் எண்ணையும் கண்ணால் பார்த்தோம்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஒரு எழுத்து, தனிநபர் என்றால் நான்காவது எழுத்து பி, கம்பெனி என்றால் சி. அதிலேயே இருபதுக்கு மேல் தப்பு கிடைத்தது. மாதவாரியாக ரசீது எண்ணிக்கையும் தொகையும் பேரேட்டோடு பைசா சுத்தமாக ஒத்துப்போன பிறகுதான் ஆடிட்டரிடம் கொடுத்தோம். மே 29 அன்று 10பிடி ஏறியது.

யாரிடம் கொடுத்தாலும் ஃபைலின் ஒரு நகலைத் தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள். பணத்தில் பாதியை, எண்ணிக்கையும் தொகையும் ஒத்துப்போன பிறகுதான் தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். மெசேஜ் அனுப்பும் வசதியை அதுவரை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபைல் யார் கையில் போகிறது, வேலை முடிந்ததும் அவர்களிடமிருந்து அழிக்கப்பட்டதா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

60,000 திரும்ப வரவில்லை. அந்த மெயிலில் போன ஃபைல் அழிக்கப்பட்டதா என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. நங்கநல்லூர் அம்மாவை டிரஸ்டி அம்மாவோடு நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். காபி கொடுத்தார். அந்த வருடத் திதிக்கும் செக் அனுப்பினார், பின்பக்கம் பென்சிலில் "கடிதம் என் பெயருக்கு" என்று எழுதி.