வீட்டுப் பொழுதுக்குப் பலகை விளையாட்டா, புத்தகமா?

இரண்டில் எதை வாங்கலாம் என்று யோசிக்கும்போது, வீட்டில் கிடைக்கும் ஓய்வு ஒரே நீட்டாகக் கிடைக்கிறதா, துண்டு துண்டாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். புத்தகத்தை எந்தப் பக்கத்திலும் மூடிவைத்து மறுநாள் தொடரலாம். ஆட்டத்தைப் பாதியில் விட்டால் மேசையை யாரும் தொடக்கூடாது, மறுநாளும் அதே ஆட்கள் கூட வேண்டும். அடிக்கடி எழுந்து போகவேண்டிய வீட்டில் எவ்வளவு நல்ல விளையாட்டும் அலமாரியிலேயே கிடக்கும்.

சரி, விளையாட்டுதான் என்றால் அது எப்படி முடியும் என்பதைக் கவனியுங்கள். மனைகளை வாங்கி, வாடகை வசூலித்து மற்றவர்களைத் திவாலாக்கும் மோனோபோலி இழுத்துக்கொண்டே போகும் என்பது பலரின் குறை. அதில் பாதிப் பழி நாமே சேர்த்துக்கொண்ட விதிகளுக்குப் போகவேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத மனையில் காய் நின்று, அந்த ஆட்டக்காரர் வாங்க மறுத்தால், அதை உடனே ஏலம் விடவேண்டும் என்கிறது அசல் விதி. பல வீடுகளில் இந்த ஏலமே நடப்பதில்லை. அபராதப் பணத்தை நடுவில் குவித்து, இலவச பார்க்கிங் கட்டத்துக்கு வருபவருக்குக் கொடுப்பதும் அசல் விதியில் இல்லாதது. மனைகள் விற்காமல் கிடக்கின்றன, பணமோ ஆட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது, அப்புறம் யார் திவாலாவது? விதிப்படி ஆடினால் சீக்கிரம் முடியும். ஆனாலும் முதலில் திவாலானவர் மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது எனக்குப் பிடிப்பதில்லை.

2000-இல் வந்த கார்கசோனில் இந்தத் தொல்லை இல்லை. மொத்தம் 72 சதுர அட்டைகள். ஒவ்வொருவரும் தன் முறைக்கு ஒன்றை எடுத்து, ஏற்கெனவே இருக்கும் சாலையோடும் கோட்டையோடும் பொருந்தும்படி வைக்கவேண்டும். அட்டை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது, யாரும் நடுவில் வெளியேறுவதில்லை. இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். 1995-இன் கேட்டன் இதைவிடக் கலகலப்பானது. அடுத்தவர் பகடை உருட்டும்போதும் மரம், செங்கல் போன்ற வளம் உங்களுக்குக் கிடைக்கலாம், அவரோடு பேரமும் பேசலாம். ஆனால் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கானது. வீட்டில் இருவர்தான் என்றால் யோசிக்காமல் கார்கசோன் பக்கம் போங்கள்.

திறமையில் பெரிய இடைவெளி உள்ளவர்கள் சேர்ந்து ஆடும்போது சதுரங்கம் ஒருவருக்குத் தொடர்ந்து தோல்வியையே தரும். அப்போது எல்லோரும் ஒரே அணியாக ஆடும் விளையாட்டு நல்லது. நோய்ப்பரவலைத் தடுக்கும் பேண்டமிக் அப்படிப்பட்டது. அதில் ஒரு சிக்கல்: நன்றாகத் தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் கட்டளையிட ஆரம்பித்துவிடுவார். அதேபோல் ஒரே அணியாக ஆடும் ஹனாபி என்ற சீட்டாட்டத்தில் அது நடக்காது. உங்கள் சீட்டுகளை மற்றவர்கள் பார்க்கும்படிதான் பிடிக்கவேண்டும், உங்களுக்குத் தெரியாது. அவற்றைப் பற்றி மற்றவர்கள் கொடுக்கக்கூடிய குறிப்புகளுக்கும் அளவு உண்டு. கூச்சப்படுபவரின் கருத்துக்கும் மதிப்பு கிடைப்பதால் இது எனக்கு மிகவும் பிடிக்கும்.

புத்தகத்திலும் இதே கணக்குதான். பாத்திரங்கள் நிறைந்த பெரிய நாவலை ஒரு வாரம் விட்டால், யார் யாருக்கு என்ன உறவு என்று பின்னால் புரட்டவேண்டி வரும். துப்பறியும் கதையில் நிலைமை இன்னும் மோசம். ஆரம்பத்தில் வந்த தடயம் மறந்தால் முடிவு தரும் மகிழ்ச்சியே போய்விடும். இவற்றை நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துண்டு நேரத்துக்குச் சிறுகதைத் தொகுப்பு, ஒரே அமர்வில் ஒன்று முடியும். தனியாக இருப்பவருக்கு சுடோகுவும் குறுக்கெழுத்தும் கைகொடுக்கும்.

நான்கைந்து பேர் இருந்தும் நேரம் மட்டும் துண்டாகக் கிடைக்கிறது என்றால், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம். ஆட்டத்தைப் போல எல்லோரையும் ஓரிடத்தில் உட்கார வைக்கும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தவும் முடியும். அதற்கு உரையாடல் அதிகம் உள்ள கதைகளாகத் தேர்ந்தெடுங்கள், நீண்ட வர்ணனையில் கேட்பவர் கவனம் சீக்கிரம் சிதறும்.